கைவினை

அம்மாவுக்கு என் பெயர் மறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, "நீ யார் வீட்டுப் பெண்?" என்று கேட்கிறாள். "உன் வீட்டுப் பெண்தான் அம்மா" என்றால் சிரித்துக்கொள்கிறாள். நம்பியதாகத் தெரியாது. ஆனால் அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருக்கிறது. வயது 76. அப்பா இறந்துபோனது ஞாபகம் இல்லை. இருப்பது திருச்சியில் என்பதும் ஞாபகம் இல்லை. பொழுது சாய்ந்தால், "ஊருக்குப் போகவேண்டும், மாடு கறக்கிற நேரம்" என்று வாசல் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். மாட்டை விற்று முப்பது வருடம் ஆயிற்று.

அப்படிப்பட்டவள் அரிசி டிரம்முக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்தால் வேறொருத்தி. ஆழாக்கால் இரண்டு அளந்து பாத்திரத்தில் போடுவாள். பிறகு அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளி, பக்கத்தில் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். விரல் இடுக்கில் ஒட்டிய நாலு மணியையும் தட்டிவிட்டு மூடியைத் திருகுவாள். கண் அந்தப் பக்கம் போகாது. கை தானாகப் போய்வரும்.

பிடி அரிசி என்று எங்கள் பக்கம் சொல்வோம். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துவைப்பது. மாதக் கடைசியில் சேர்ந்த அரிசி கோயில் மடைப்பள்ளிக்குப் போகும். சில மாதம் தெருக்கோடியில் இருந்த ஒரு வீட்டுக்குப் போகும், யாருக்கும் தெரியாமல். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அம்மாவுக்கு இதைப் பழக்கிக்கொடுத்தவர் அவளுடைய மாமியார், என் அப்பாயி.

அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. கடைசி எட்டு மாதம் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். எனக்குப் பதினொரு வயது. கொல்லைத் தாழ்வாரத்தில் கயிற்றுக் கட்டில். அம்மா ஒரு வேளைகூடச் சோறு போடாமல் இருந்ததில்லை. ஆனால் போட்ட விதம் இருக்கிறதே, அலுமினியத் தட்டைச் சிமெண்டுத் தரையில் வைக்கும் அந்தச் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. ஒரு மத்தியானம் அப்பாயி, "ராசாத்தி, கொஞ்சம் தண்ணீர்" என்று மூன்று முறை கூப்பிட்டார். அம்மா அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எழுந்தேன். "உட்கார்ந்து பாடத்தைப் படி" என்றாள். நான் உட்கார்ந்தேன். அதையும் எழுதிவைக்கவேண்டும். நானும் உட்கார்ந்தேன்.

அப்பாயி நடமாடிய காலத்தில் அம்மாவைப் படுத்தியது கொஞ்சமில்லை. தாய்வீட்டில் சாவு விழுந்தபோதுகூட, நாற்று நடவு முடியட்டும் என்று மூன்று நாள் நிறுத்திவைத்தவர். இதைச் சொல்வதால் அந்த மத்தியானத்தின் தண்ணீர் வந்துவிடாது. என்றாலும் கதை ஓர் இடத்தில் தொடங்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

போன தை மாதம் அத்தை வந்திருந்தார். அப்பாவின் தங்கை, அப்பாயியின் பெண். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னார்: "எங்கள் அம்மாவைத் தண்ணீருக்குத் தவிக்கவிட்ட பாவம். இந்த ஜென்மத்திலேயே அனுபவிக்கிறாள்." அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொன்ன சொல். அம்மா சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

எனக்கு வந்த கோபம் இரண்டு நாள் தணியவில்லை. தணிந்த பிறகுதான் யோசிக்க முடிந்தது. அம்மா செய்தது உண்மை. அம்மா இப்போது படுவதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் 'அதனால்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்ததே, அதை அங்கே வைத்தது யார்? அத்தையா, சாஸ்திரமா, நானேவா? ஏனென்றால் அத்தை சொல்வதற்கு முன்பே அந்தச் சொல் என் மனதிலும் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. செய்தவளுக்குச் செய்தது நினைவில் இல்லை. எதற்காக என்று தெரியாத ஒருத்திக்கு அனுபவம் வந்து சேர்ந்தால் அது யாருக்கு வந்து சேர்கிறது? முற்பிறவிக் கணக்கு என்று நாம் சொல்லும்போதும் இதே சிக்கல்தான். முற்பிறவி ஒருவருக்கும் நினைவில் இல்லை. அம்மாவின் மறதி, நம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒரு மறதியை என் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது.

இதையெல்லாம் நம் பெரியவர்கள் யோசிக்காமல் இல்லை. மிகப் பழைய உபநிடதங்களில் ஒன்றான பிருகதாரண்யகத்தில் ஓர் இடம் வருகிறது. விதேக நாட்டு ஜனகரின் வேள்விச் சபை. கொம்புகளில் பொன் கட்டிய 1,000 பசுக்கள் பரிசு. யாக்ஞவல்கியர் என்ற முனிவரைப் பலர் கேள்வி கேட்டு மடக்கப் பார்க்கிறார்கள். ஆர்த்தபாகர் என்பவர் கேட்கிறார்: மனிதன் இறந்தால் அவன் பேச்சு தீயில் சேர்கிறது, மூச்சு காற்றில் சேர்கிறது, கண் சூரியனில், மனம் நிலவில், செவி திசைகளில், உடல் மண்ணில் போய்ச் சேர்கிறது, அப்போது அந்த மனிதன் எங்கே இருக்கிறான்?

யாக்ஞவல்கியர் சபைக்குப் பதில் சொல்லவில்லை. "கையைக் கொடு, ஆர்த்தபாகா. இதை நாம் இருவர் மட்டும் அறிவோம். இந்தக் கூட்டத்தின் நடுவில் வேண்டாம்" என்கிறார். இருவரும் எழுந்து வெளியே போகிறார்கள். என்ன பேசினார்கள் என்று உபநிடதம் முழுதாகச் சொல்வதில்லை. அவர்கள் பேசியது கர்மத்தைப் பற்றி, புகழ்ந்தது கர்மத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரே ஒரு வரி தருகிறது: நற்செயலால் நல்லவன் ஆகிறான், தீச்செயலால் தீயவன் ஆகிறான்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வாதத்தில் யாருக்கும் அஞ்சாத மனிதர் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் கூட்டத்தை விட்டு எழுந்து போகிறார். அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. கர்மம் என்பது கூடத்தில் நாலு பேருக்கு முன்னால் இன்னொருவரைக் காட்டிச் சொல்லும் சொல்லாக அன்று இருக்கவில்லை. அடுத்து, அந்த வரியின் வினைச்சொல்லைப் பாருங்கள். தீயது செய்தவன் தண்டனை பெறுகிறான் என்று அது சொல்லவில்லை. தீயவன் ஆகிறான் என்கிறது. செய்கை வெளியே போய், எங்கோ ஒரு கணக்கில் ஏறி, வட்டியோடு திரும்பி வருவதற்கு முன்பே, செய்தவனை உள்ளே மாற்றிவிடுகிறது. தட்டைத் தரையில் ஓங்கி வைத்த கை, ஓங்கி வைக்கிற கையாக ஆகிவிடுகிறது.

பிற்காலத்தில் வினையை மூன்றாகப் பிரித்தார்கள். சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம். சைவர்கள் தமிழில் பழவினை, நுகர்வினை, ஏறுவினை என்பார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால் குதிரில் கிடக்கும் நெல், தட்டில் விழுந்துவிட்ட சோறு, இன்று வயலில் தெளிக்கும் விதை. ஜாதகம், பரிகாரம் என்று நாம் ஓடுவதெல்லாம் முதல் இரண்டுக்காகத்தான். மூன்றாவதைப் பற்றி யாரும் ஜோசியரிடம் கேட்பதில்லை. நம் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அத்தையின் சொல்லுக்குப் பதிலை நான் தேடிப் போகவில்லை. அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பா தினமும் பாடிய தேவாரப் பதிகம் அது. எனக்குக் காய்ச்சல் கண்டால் நெற்றியில் திருநீறு இட்டுப் பாடுவார். வார்த்தை மனப்பாடம், பொருள் மட்டும் நாற்பத்தெட்டு வயதில்தான் வந்து தைத்தது.

ஞானசம்பந்தர் கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூர் வந்திருந்தபோது, அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், பனிக்காலம். உடன் வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் கண்டது. பனிக்காலத்தில் இந்த நாட்டின் இயல்பு இது என்று அவரிடம் சொல்கிறார்கள். அப்போது அவர் பாடியதாகச் சேக்கிழார் சொல்லும் பதிகம் இப்படித் தொடங்குகிறது:

"அவ்வினைக்கு இவ்வினை யாம்என்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே
கைவினை செய்துஎம் பிரான்கழல் போற்றுதும் நாமடியோம்
செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீல கண்டம்."

அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்கிறார்களே, அதை அறிவீர்கள். அறிந்தும் உய்வதற்கு வழி தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறை அல்லவா? அத்தை சொன்னதும் நான் நினைத்ததும் முதல் வரி. 'அவ்வினைக்கு இவ்வினை.' சம்பந்தர் அதைப் பொய் என்று மறுக்கவில்லை. அறிவீர்கள், சரி, அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். ஊனம் நோயாளியிடம் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரிடம் இருக்கிறது என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

அதற்கு அவர் சொல்லும் மாற்று என்ன என்று பாருங்கள். கைவினை. கையால் செய்யும் தொண்டு. அடுத்த பாட்டிலேயே அது விரிகிறது: "காவினை இட்டும் குளம்பல தொட்டும்." சோலை வைப்பது, குளம் வெட்டுவது, இருபொழுதும் பூக்கொய்து வழிபடுவது. வினைக்குப் பதில் வினைதான். ஆனால் இது இன்னொருவருக்கு நிழலாகவும் தண்ணீராகவும் ஆகிற வினை. தண்ணீர் என்று எழுதும்போது எனக்குக் கொல்லைத் தாழ்வாரம் நினைவுக்கு வராமல் இல்லை.

இது ஆணையிட்டுப் பாடிய பதிகம். திருநீலகண்டத்தின் மேல் ஆணை, வினை நம்மைத் தீண்டாது என்கிறார். ஏன் அந்தக் கண்டத்தின் மேல்? பாற்கடலைக் கடைந்தவர்கள் தேவர்களும் அசுரர்களும். வந்த நஞ்சு அவர்கள் கடைந்ததன் விளைவு. அவரவர் வினை அவரவர்க்கு என்ற சட்டப்படி அது அவர்களுக்குத்தான் போயிருக்கவேண்டும். கடையாதவர் ஒருவர் அதை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். வினைக் கோட்பாட்டை இவ்வளவு கறாராகப் பேசும் சமயம், தன் தெய்வத்தின் கழுத்தில் அதற்கு ஒரு விலக்கை நீலமாகத் தீட்டி வைத்திருக்கிறது. பிறர் துன்பத்தைப் பார்த்து 'அவர்கள் வினை' என்று ஒதுங்குகிறவர்கள் சிவன் கோயிலுக்குப் போய் எதைத்தான் கும்பிடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

காரணம் சொல்வதால் துயரம் ஆறாது என்பதும் தமிழுக்குத் தெரிந்ததுதான். சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வமே நேரில் வந்து, கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்து சங்கமன் என்ற வணிகனைக் கொல்லக் காரணமானான், அந்த வினைதான் இது என்று கண்ணகிக்கு விளக்குகிறது. சொல்வது தெய்வம், சொல்வது உண்மை. கேட்ட கண்ணகி என்ன செய்கிறாள்? கணவனைக் காணும்வரை இருக்கவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கொற்றவை வாயிலில் பொன்வளையை உடைத்தெறிந்து மேற்கு வாயில் வழியாக நடக்கிறாள். தெய்வமே காரணம் சொல்லியும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. நம் வீட்டுக் கூடத்தில் நாம் சொல்லும் காரணம் யாருக்கு ஆறுதல் தரும்?

மறதிக்கு வருகிறேன். மருத்துவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். பெயரையும் சம்பவங்களையும் பதிந்துவைக்கும் மூளைப் பகுதிதான் இந்த நோயில் முதலில் பழுதாகிறது. கைப்பழக்கங்களைக் காக்கும் பகுதிகள் வேறு, அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் மகளை அடையாளம் தெரியாத அம்மாவுக்குப் பிடி அரிசி தெரிகிறது. இந்த விளக்கத்தை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். இதை வைத்து மறுபிறவி மெய் என்றோ பொய் என்றோ சொல்ல வரவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஒரு சொல் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வாசனை.

பூவின் மணத்துக்கும் அதே சொல், பிறவி தாண்டி வரும் பழக்கத்தின் தடத்துக்கும் அதே சொல். குழந்தை சொல்லிக்கொடுக்காமலே பாடினால் 'பூர்வ ஜென்ம வாசனை' என்கிறோம். கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான்: காற்று பூவிலிருந்து மணத்தை எடுத்துச் செல்வதுபோல, உயிர் உடலை விட்டுப் போகும்போது மனத்தையும் புலன்களையும் எடுத்துச் செல்கிறது. காற்று பூவை எடுத்துச் செல்வதில்லை. பூவின் பெயரையும் எடுத்துச் செல்வதில்லை. எந்தக் கொடியில் பூத்தது, யார் பறித்தார்கள் என்பதெல்லாம் அங்கேயே நின்றுவிடும். மணம் மட்டும் போகும். நினைவு இல்லாமல் வினை எப்படித் தொடரும் என்ற என் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவிடம் பூ உதிர்ந்துவிட்டது. மணம் விரல்களில் இருக்கிறது.

நல்ல மணம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். சில இரவுகளில் என்னை அப்பாயி என்று நினைத்துக்கொண்டு, "என்னைப் பிறந்த வீட்டுக்கு விடமாட்டீர்களா?" என்று கதறுவாள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கோபம் சூடு ஆறாமல் வருகிறது. வேறு சில நாட்களில் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு பின்கட்டுக் கதவு வரை போய் நின்று, "அத்தை சாப்பிட்டாயிற்றா? அத்தைக்குத் தண்ணீர் வைத்தாயா?" என்று கேட்பாள். எங்கள் வீட்டில் பின்கட்டே இல்லை. அது அடுக்குமாடிக் குடியிருப்பின் துணி உலர்த்தும் இடம். தட்டோடு அங்கே நின்று வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். இது குற்றவுணர்வா, பாசமா, வெறும் பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் போய்விட்டது.

ஒரு நாள் மாலை சோபாவில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று தலைமாட்டுத் துணியையெல்லாம் புரட்டித் தேடினாள். "என்னம்மா தேடுகிறாய்?" என்றேன். "என்னைக் காணோம்" என்றாள்.

அன்று இரவு மெய்கண்டாரை எடுத்தேன். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்தவர். பன்னிரண்டே நூற்பாக்களில் சைவ சித்தாந்தம் முழுவதையும் சொன்னவர். மூன்றாம் நூற்பாவில், உடம்புக்குள் உயிர் என்று ஒன்று உண்டா என்ற கேள்விக்குக் காரணங்களை அடுக்குகிறார். முதல் காரணம், "உளது இலது என்றலின்." உடம்பையும் பொறிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உயிர் என்று ஒன்று இல்லையே என்று ஓர் அறிவு சொல்கிறதல்லவா, அப்படிச் சொல்வதே உயிர். 'என்னைக் காணோம்' என்று அம்மா சொன்னபோது காணாமல் போனது எது, காணோம் என்று கண்டது எது? பெயர், ஊர், உறவு, வயது எல்லாம் போன பிறகும், போய்விட்டது என்று அறிகிற ஒன்று அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்தது. வேதாந்திகள் அதைச் சாட்சி என்பார்கள். சித்தாந்திகள் அதோடு விடுவதில்லை. உயிரின் அறிவு தானாக ஒளிர்வதில்லை, கண்ணுக்கு வெளிச்சம் துணை நிற்பதுபோல அதற்கு ஒரு துணை வேண்டும் என்பார்கள். அதே நூற்பாவில் "உணர்த்த உணர்தலின்" என்று ஒரு தொடர் வருகிறது. உணர்த்தினால் உணர்வது உயிர். நான் பாட்டின் முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தால் அம்மா மீதிப் பாட்டைப் பாடுகிறாள். எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். யோசித்தால் எனக்கும் அப்படித்தான். என்ன, எனக்கு எடுத்துக்கொடுக்கிறவரை நான் பார்ப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியபோது தோன்றா எழுவாய் என்று ஒன்று சொல்லித்தந்தார்கள். 'வந்தேன்' என்றால் போதும். 'நான்' வெளியே தெரியவேண்டிய அவசியம் இல்லை, வாக்கியம் நிற்கும். செயலைச் செய்பவருக்கு வினைமுதல் என்று பெயர். ரமண மகரிஷி 'உள்ளது நாற்பது' நூலில் இந்தச் சொல்லை எடுத்துத்தான் கர்மத்தைப் பேசுகிறார். "வினைமுதல் நாம்ஆயின் விளைபயன் துய்ப்போம்." வினைக்கு முதல் நான் என்றால் விளைந்ததை நான்தான் உண்ணவேண்டும். அந்த வினைமுதல் யார் என்று விசாரித்துத் தன்னை அறிந்தால், செய்கிறேன் என்ற எண்ணம் போய், மூன்று வினைகளும் கழன்றுவிடும் என்கிறார். கர்மமும் உணர்வும் சந்திக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வினை என்ன செய்யும் என்பதைவிட, 'நான் செய்தேன்' என்று அதன்மேல் ஏறி உட்காரும் அந்த 'நான்' எது என்பதுதான் பெரிய கேள்வி. அம்மா ஞானி ஆகிவிட்டாள் என்று சொல்லவில்லை. அவளுடையது நோய், விசாரணையின் பலன் அல்ல. ஆனால் எழுவாய் தோன்றாமல் ஒரு நல்ல வினை நடப்பதைத் தினமும் காலை ஏழரை மணிக்கு என் சமையலறையில் பார்க்கிறேன்.

என் எழுவாய் மட்டும் நன்றாகத் தோன்றிக்கொண்டிருந்தது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் மாதம் ஒரு முறை போன் செய்கிறான், நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் இரவில் மூன்று முறை எழுகிறேன். யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. உமாபதி சிவாச்சாரியார் ஆணவத்தைப் பற்றித் திருவருட்பயனில் சொல்வார்: "ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும் / இருபொருளும் காட்டாது இது." இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதையாவது காட்டும். ஆணவம் அதையும் காட்டாது.

சித்திரை மாதம் ஒரு ராத்திரி. அம்மா மூன்றாவது முறையாகச் சோற்றைத் துப்பினாள். நான் காலையில் ஆறு மணிக்கு எழுந்தவள், ஆபீஸில் நின்றே கிடந்தவள். தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அந்தச் சத்தம்.

எவர்சில்வர் தட்டு, மர மேஜை. அலுமினியமும் இல்லை, சிமெண்டும் இல்லை. ஆனால் அதே சத்தம். அம்மா உடம்பு சுருங்கி என்னைப் பார்த்தாள். எந்தக் காரணத்துக்காக யார் கோபப்படுகிறார்கள் என்று தெரியாத பார்வை. பதினொரு வயதில் நான் கேட்ட சத்தம் முப்பத்தேழு வருடம் என் கைக்குள் இருந்து, ஒரு தட்டு கிடைத்ததும் வெளியே வந்தது. வினை தொடர்கிறது என்பதற்கு எனக்கு இனி எந்தச் சாஸ்திரச் சான்றும் வேண்டாம். 'ஆகிறான்' என்று யாக்ஞவல்கியர் சொன்ன சொல் எனக்குப் புரிந்தது அந்த ராத்திரிதான். அம்மா அனுபவிக்கிறாள் என்று அத்தை சொன்னாரே, அந்தச் சங்கிலியில் அடுத்த கண்ணியாக நான் ஆகிக்கொண்டிருந்தேன்.

கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தலையைத் தடவி, "யார் உன்னைத் திட்டினார்கள்?" என்று கேட்டாள்.

ரமணர் தன் தாய் அழகம்மையின் கடைசி நாளில் செய்ததை அதற்குப் பிறகு பல முறை நினைத்துக்கொண்டேன். 1922ஆம் ஆண்டு மே 19. வலது கையைத் தாயின் மார்பிலும் இடது கையைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். பழைய வாசனைகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்து அடங்கின என்று பின்னால் அன்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் செய்ததன் ஆழம் எனக்கு எட்டாது. எனக்குப் புரிவதெல்லாம் அந்த இரண்டு கைகள். உன் பிராரப்தம் என்று சொல்லிவிட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. 1898இல், வீட்டுக்கு வா என்று அழுது அழைத்த அதே தாய்க்கு, அவரவர் பிராரப்தப்படி நடப்பதைத் தடுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தான். கடைசியில் கையை வைத்தார். எழுதிக் கொடுத்த தத்துவத்துக்கும் வைத்த கைக்கும் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வினை என்ற சொல்லை நான் இப்போது தன்மையில் மட்டும் பயன்படுத்தப் பார்க்கிறேன். என் வினை என்று சொல்லலாம். உன் வினை, அவள் வினை என்று சொல்லக்கூடாது. முன்னிலையிலும் படர்க்கையிலும் அந்தச் சொல் வந்தவுடன் கை நின்றுவிடுகிறது. பிறந்த குலத்தையும் வறுமையையும் காட்டி 'அது அவர்கள் செய்த வினை' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தானே இந்த மண்ணில் எத்தனையோ தண்ணீர்க் குவளைகள் எட்டாமல் வைக்கப்பட்டன? தத்துவத்தின் குற்றம் அது இல்லை என்று சொல்லி நான் நழுவ விரும்பவில்லை. தத்துவத்தைச் சொன்ன வாய்கள்தான் அதையும் சொல்லின. அதனாலேயே சம்பந்தரின் 'ஊனமன்றே' என்ற கேள்வியை நான் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

ஆடி மாதம் அத்தை மறுபடியும் வந்தார். முழங்கால் வலி, மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. கூடத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். வயதாக ஆக அத்தைக்கு அப்பாயியின் முகம் அப்படியே வந்துவிட்டது. அதே நெற்றி, அதே மூக்குத்தித் தழும்பு. அம்மா அறை வாசலில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தட்டில் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், கையால் குழையப் பிசைந்தாள், பல் இல்லாதவர்களுக்குப் பிசைவதுபோல. ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டாள். நடக்கும்போது சொம்பு தளும்பியது. வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன், தரவில்லை.

அத்தைக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தட்டை அதன்மேல் வைத்தாள். சத்தமே இல்லை.

"அத்தை, சாப்பிடுங்கள். தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன்."

அத்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தார்; கை நடுங்கியதில் பாதி தண்ணீர் சேலையில் சிந்தியது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். அத்தை தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அம்மா பக்கத்திலேயே நின்றாள்.

பாதித் தட்டு காலியானபோது அத்தை, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று, ராசாத்தி" என்றார்.

அம்மா கரண்டியோடு வந்தாள்.